‘எல்லாம் ஓடும்’ என்னும் சித்தாந்தம்

கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றி இன்று கொல்கத்தாவில் நிலவுகிற அபிப்பிராயம் தவறானது. சாந்தினி சௌக் கடைத்தெருவில் பேரம் பேசும் வியாபாரி முதல், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசி, பள்ளி நிர்வாகி, மருத்துவமனைக் கண்காணிப்பாளர், டெண்டருக்கு வாசகம் எழுதும் அரசாங்க எஞ்சினியர் வரையில் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டுவிட்ட அபிப்பிராயம் அது. லேக் மார்க்கெட் பக்கத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம் தமிழ் அன்பர்களும், மற்ற விஷயங்களில் வங்காளிகளோடு எவ்வளவு வாதாடினாலும், இந்த ஒன்றில் அவர்களோடு பூரண ஒற்றுமை கொண்டிருக்கிறார்கள்.

மறுக்கப் புகுமுன் பூர்வபட்சத்தை நேர்மையாக எடுத்துரைப்பது கடமை. அவர்கள் சொல்வது இது: கேமரா இப்போது சாதாரணச் சரக்காகிவிட்டது; உலகத்து உற்பத்தியாளர்கள் பொதுவானதொரு விதிமுறைக்கு உடன்பட்டுவிட்டபடியால் எந்தக் கேமராவும் எந்த மென்பொருளோடும் சேர்ந்து ஓடும்; பெட்டியின்மேல் ஆன்விஃப் என்று அச்சிட்டிருந்தால் அதற்குமேல் ஆராய வேண்டுவதில்லை; மாட்டிய பிறகு திரையில் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது; பிற்பாடு படம் நின்றால் கேமரா பழுது என்று அர்த்தம், வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம். இந்த நிலைக்கு அவர்கள் காட்டும் நியாயங்களும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. நிபுணர்கள் அரிது, அவர்கள் கேட்கும் கூலி அதிகம். பரிசோதனை என்று காலம் கடத்தினால் அந்த இடைவெளியிலேயே அசம்பாவிதம் நேரலாம். ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒன்று இருப்பது நல்லது. அனுபவத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கொலையுண்டு கிடந்தபோது, மறுநாளுக்குள் ஒருவன் பிடிபட்டதற்கும், 2025 ஜனவரியில் சியால்தா நீதிமன்றத்தில் அவனுக்குத் தண்டனை கிடைத்ததற்கும், அந்தக் கட்டடத்துக் கேமராப் பதிவு துணை நின்றதா இல்லையா என்று கேட்கிறார்கள். நின்றது, மறுப்பதற்கில்லை. அங்கே துணை நின்றது கேமராவா, பதிவா என்பதுதான் என் கேள்வி.

1. முத்திரை எதற்குச் சாட்சி?

ஆன்விஃப் என்பது 2008-ஆம் ஆண்டில் ஆக்சிஸ், பாஷ், சோனி என்னும் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு மன்றம். வெவ்வேறு உற்பத்தியாளர்களின் கேமராவும் மென்பொருளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொதுமொழி வகுப்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியும் இருக்கிறது. ஆனால் அந்த மன்றம் வகுத்தது ஒரே மொழியை அல்ல, ‘புரொஃபைல்’ எனப்படும் பல வகுப்புகளை. எஸ் என்னும் வகுப்பு படத்தை ஓடவிடுவதற்கு உரியது. ஜி என்பது பதிவைச் சேமித்துத் திரும்ப எடுப்பதற்கு உரியது. டி என்பது எச்.265 போன்ற புதிய சுருக்கமுறைகளுக்கும், அசைவு கண்டால் செய்தி அனுப்புவது போன்ற காரியங்களுக்கும் உரியது; எம் என்பது படத்தோடு கூட வரும் விவரக்குறிப்புகளுக்கு உரியது. எஸ் வகுப்பை மட்டும் அறிந்த கேமராவை டி வகுப்பின் சௌகரியங்களை நம்பி எழுதப்பட்ட மென்பொருளோடு சேர்த்தால் படம் வரும். மற்றவை வருமென்று உறுதியில்லை. அந்த எஸ் வகுப்பிலேயே ஒலி என்பது எல்லாக் கேமராவும் தந்தே தீர வேண்டிய அம்சம் அன்று, இருந்தால் இன்ன விதமாகத் தரவேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் உட்பட்டது. உச்ச நீதிமன்றமோ போலீஸ் நிலையங்களுக்கு ஒலியும் ஒளியும் சேர்ந்த பதிவைக் கட்டளையிட்டிருக்கிறது. பெட்டியின்மேல் அச்சிட்ட ஒற்றைச் சொல்லில் இந்த பேதங்களெல்லாம் எங்கே இருக்கின்றன?

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. அந்த மன்றம் ஒவ்வொரு கேமராவையும் கையில் எடுத்துப் பரிசோதித்து முத்திரை குத்துவதில்லை. உற்பத்தியாளரே மன்றத்தின் சோதனைக் கருவியை ஓட்டிப் பார்த்து, தம் சாதனம் இன்ன வகுப்புக்கு இணங்கியது என்று தாமே பிரகடனம் செய்துகொள்ள வேண்டும்; அந்தப் பிரகடனம் இன்ன மாடலுக்கும், அதற்குள் இருக்கும் இன்ன எண்ணுள்ள ஃபர்ம்வேர் என்னும் உள்நிரலுக்குமே செல்லும்; அதை மன்றம் தன் பகிரங்கப் பட்டியலில் வெளியிடுகிறது. பட்டியலில் காணாத மாடலின் பெட்டியில் அந்தச் சொல் எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. இந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடமும் செலவாகாது; ஆயினும் வாங்குமுன் பார்த்தவர் எத்தனை பேர்?

கொல்கத்தாவுக்கு வடக்கே பாகீரதிக் கரையில் உள்ள நவத்வீபம், ஒரு காலத்தில் பாரதம் முழுவதற்கும் தர்க்கம் கற்பித்த ஊர். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது ஏன் செல்லும் என்று அவ்வூர்ப் பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார்கள். நெருப்பு இல்லாத இடத்தில் புகை இருந்ததாக ஓர் உதாரணமும் கிடைக்காத வரையில்தான் அந்த ஊகம் செல்லும், ஒரே ஓர் உதாரணம் கிடைத்தாலும் ஊகத்துக்குக் காட்டும் காரணமாகிய ஹேது பிறழ்ந்துபோகும் என்பது அவர்கள் முடிபு. முத்திரை இருந்தும் ஓடாத கேமரா ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது, முத்திரையை ஹேதுவாகக் காட்டி ஓடுமென்று சாதிப்பவரை அந்த ஊர்த் திண்ணையில் இருந்த மாணாக்கன்கூட எழுப்பி வெளியே அனுப்பியிருப்பான்.

2. திரையில் படம் வந்தால் வேலை முடிந்ததா?

மூலப் பிழை இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கண்காணிப்பு மென்பொருளின் திரையில் பதினாறு கட்டங்களில் பதினாறு படங்கள் அசைவதைப் பார்க்கும் நிர்வாகி, அந்தப் பதினாறும் ஹார்ட் டிஸ்கில் பதிகின்றன என்று எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலான கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு ஓட்டங்களாகத் தருகின்றன: தெளிவு குறைந்த சிறிய ஓட்டம் கட்டங்களில் காட்டுவதற்கு, தெளிவு மிகுந்த பெரிய ஓட்டம் பதிவதற்கு. முன்னது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னது நின்றுபோகலாம். சுருக்கமுறை ஒவ்வாமல் போகலாம். கம்ப்யூட்டரின் திறன் போதாமல் விட்டுவிட்டுப் பதியலாம். கட்டத்தில் அதற்கு ஓர் அடையாளமும் தெரியாது.

இதைவிட விபரீதமான நிலை ஒன்று உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய் என்று மென்பொருளுக்குக் கட்டளை இட்டு வைப்பது வழக்கம். அசைவைக் கண்டறிவது கேமராவின் வேலை, அதன் செய்தி கேட்டுப் பதிவைத் தொடங்குவது மென்பொருளின் வேலை என்று பிரித்திருந்தால், கேமரா அந்தச் செய்தியைத் தன் சொந்த பாஷையில் மட்டும் அனுப்ப, மென்பொருள் பொதுப் பாஷையில் மட்டும் காத்திருக்க, இரண்டும் பழுதின்றி இயங்கிக்கொண்டே மாதக் கணக்கில் ஒரு விநாடிகூடப் பதியாமல் இருக்க முடியும். திரையில் படம் அழகாக ஓடும். திருட்டு நடந்த மறுநாள் காலை பதிவைத் தேடும்போதுதான் வெறுமை வெளிப்படும். கேமராவும் நல்லது, மென்பொருளும் நல்லது, சேர்க்கைதான் கெட்டது என்னும் இந்த நோயைத் தனித்தனியே எந்தப் பொருளைச் சோதித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பதிந்தது எத்தனை நாள் தங்கும் என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கணக்கு இருக்கிறது; கணக்கைப் போடாமல் இருப்பதற்குத்தான் காரணம் இல்லை. விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 கிகாபைட்டுக்கு மேல் எழுதும். 1 டெராபைட் டிஸ்க் அந்த ஒரு கேமராவுக்கு 23 நாள் வரும். எட்டுக் கேமராக்கள் என்றால் மூன்று நாளும் முழுதாக வராது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் நிலையப் பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும், சந்தையில் அத்தகைய வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையலாகாது என்று கட்டளையிட்டது. மேற்படி வீதத்தில் 18 மாதத்துக்கு ஒரே கேமராவுக்கு 23 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். சுருக்கமுறையை மாற்றிப் பாதியாக்கலாம் என்பார்கள். ஆக்கலாம், அந்தச் சுருக்கமுறையை மென்பொருள் அறிந்திருந்தால்.

போலீஸ் நிலையத்தில் கேமரா என்ற இந்தக் கோரிக்கையின் வேர் இந்தக் கொல்கத்தாவிலேயே இருக்கிறது என்பதை நினைவூட்டுவது பொருந்தும். லீகல் எய்ட் சர்வீசஸ் என்னும் மேற்கு வங்க அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, காவலில் நிகழும் மரணங்களைப் பற்றி 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் கைது செய்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளாக உருவெடுத்து, 2015 ஜூலையில் அதே வழக்கின் தொடர்ச்சியில் சிறைச்சாலைகளுக்குக் கேமரா என்னும் கட்டளையாயிற்று. ஒரு கடிதத்திலிருந்து கேமரா வரையில் இருபத்தொன்பது ஆண்டு. அந்தக் கேமராவுக்குப் பின்னால் உள்ள டிஸ்கின் கதி என்ன?

நம் தமிழ்நாட்டுச் சாத்தான்குளம் போலீஸ் நிலையம் விடை சொல்லும். 2020 ஜூன் 19-ஆம் தேதி இரவு தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அந்த நிலையக் காவலில் இருந்தார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில், நிலையத்தில் கேமராக்கள் இருந்தன, 1 டெராபைட் டிஸ்கில் போதிய இடமும் இருந்தது, ஆனால் அன்றன்றையப் பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைப்பு செய்யப்பட்டிருந்தது என்று எழுதினார். கேமரா உண்டு, படம் உண்டு, இடமும் உண்டு. பதிவு மட்டும் இல்லை. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு கட்டம் அத்தனையையும் பொய்யாக்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் இருந்த எண்ணை, மாட்டிய நாள்தொட்டு அந்த ஜூன் மாதம் வரையில், நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். “படம் வந்துவிட்டது, வேலை முடிந்தது” என்று சொல்லுகிற ஒவ்வொருவரும் அப்படிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுகிறவரே.

3. பழுது வந்தால் கேமராவை மாற்று என்பது சிகிச்சையா?

காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நோயாளியை மாற்றுகிற வைத்தியம் இது. படம் நின்ற மாத்திரத்தில் கேமராவைக் கழற்றுகிறவர், தாம் கழற்றியது குற்றவாளியா சாட்சியா என்று அறியாமலே கழற்றுகிறார். பழுது காண்பதற்கு ஒரு கிரமம் உண்டு: முதலில் மின்சாரம், அப்புறம் கம்பி, அப்புறம் முகவரி, அப்புறம் பெயரும் பாஸ்வேர்டும், அப்புறம் கடிகாரம், அப்புறம் ஓட்டத்தின் சுருக்கமுறை, இவையெல்லாம் தேறிய பிறகே கேமரா.

மின்சாரத்தைப் பாருங்கள். பகலெல்லாம் ஒழுங்காக இருந்து இரவானதும் படம் விட்டுவிட்டு மறைகிற கேமரா கொல்கத்தாவில் தெருவுக்கு ஒன்று இருக்கும். இருட்டியதும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்னோட்டம் அதிகமாகிறது, அடாப்டரிலிருந்து நெடுந்தூரம் இழுத்த மெல்லிய கம்பியில் 12 வோல்ட் குறைந்து, கேமரா அணைந்து மறுபடி எழுகிறது, எழுந்ததும் விளக்கு எரிகிறது, மறுபடி அணைகிறது. புதுக் கேமராவும் அதே கம்பியில் அதே கதி அடையும். நெட்வொர்க் கம்பி வழியாகவே மின்சாரம் தரும் முறையிலும் 100 மீட்டர் என்ற எல்லை இருக்கிறது; அதை அடுக்குமாடியின் மொட்டைமாடி வரை நீட்டி, மூட்டில் மழைத் தண்ணீர் இறங்கவும் விட்டு, கால்பைசாகிப் புயலடிக்கும் சித்திரை மாலையில் படம் போயிற்று என்று கேமராவைத் திட்டுவது என்ன நியாயம்?

முகவரிப் பிழையும் இப்படியே. ஒரே உற்பத்தியாளரின் கேமராக்கள் பெட்டியிலிருந்து ஒரே ஐபி முகவரியோடு வெளிவருவது வழக்கம். இரண்டை மாற்றாமல் மாட்டினால் ஒன்று வரும்போது மற்றது போகும். அப்போதும் “ஒன்று டிஃபெக்ட்” என்பதே தீர்ப்பு.

கடிகாரத்தின் கதை இதைவிட விசித்திரமானது. ஆன்விஃப் முறையில் மென்பொருள் கேமராவிடம் நுழைவு கேட்கும்போது பாஸ்வேர்டோடு நேரத்தையும் பிசைந்து அனுப்புவது வழக்கம். பழைய செய்தியை ஒருவன் திருடி மறுபடி அனுப்பி ஏமாற்றாமல் இருப்பதற்கான காப்பு அது. மின்வெட்டுக்குப் பிறகு கேமராவின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், சரியான பாஸ்வேர்டையே அது நிராகரிக்கிறது. திரையில் தோன்றுவதோ ‘பாஸ்வேர்ட் தவறு’ என்ற வாசகம். மாட்ட வந்த பையன் பாஸ்வேர்டை மாற்றுகிறான், மறுபடி மாற்றுகிறான், கடைசியில் கேமராவைப் பூட்டிக்கொண்டு, அதையும் குப்பையில் போடுகிறான். இன்னும் சில உற்பத்தியாளர்கள், பாதுகாப்புக் கருதி, ஆன்விஃப் வசதியையே மூடிவைத்து அனுப்புகிறார்கள். அதைத் திறந்து அதற்கென்று வேறொரு பயனர் பெயரையும் உண்டாக்க வேண்டும். கேமராவின் கையேட்டில் அரைப் பக்கம் படித்தால் தெரியும். பழைய கேமராக்கள் சிலவற்றின் அமைப்புப் பக்கமோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே திறக்கும். அந்த உலாவியை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது. கேமரா உயிரோடு இருக்கிறது, அதன் வாசல்தான் அடைபட்டது.

சுருக்கமுறையில், எச்.264, எச்.265 என்னும் பொது முறைகளின் மேல் உற்பத்தியாளர்கள் தம் சொந்தக் கைத்திறனைச் சேர்த்து, ‘ஸ்மார்ட்’ என்றும் ‘பிளஸ்’ என்றும் வால் ஒட்டி விற்கிறார்கள். அவர்களுடைய ரெக்கார்டரில் அது இடத்தை மிச்சப்படுத்தும். பிறர் மென்பொருளில் படம் உறையும், சதுரம் சதுரமாகச் சிதறும். வாலை அணைத்தால் தீர்ந்தது. இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, கேமராவின் ஓட்டத்தை நேரே தரும் ஆர்டிஎஸ்பி முகவரியை இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் கொடுத்துப் பார்க்கலாம்: அதில் படம் வந்தால் கேமராவும் கம்பியும் நிரபராதிகள், மென்பொருளின் பக்கம் தேட வேண்டும். இவ்வளவு மலிவான சோதனையைச் செய்யாமல் அவ்வளவு விலையுள்ள கேமராவை மாற்றுகிறவர்கள்தாம் பரிசோதனைக்குச் செலவு அதிகம் என்று நம்மிடம் சொல்லுகிறார்கள்.

4. அரசாங்க முத்திரை வந்துவிட்டதே என்பார்க்கு.

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமாக்கிய விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். இந்தச் சோதனைகளை நடத்தும் எஸ்டிக்யூசி அமைப்பின் கூடம் ஒன்று நம் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு. 2016-ல் மிராய் என்னும் நச்சு நிரல், உற்பத்தியாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் படையாகத் திரட்டி அமெரிக்காவின் பெரிய வலைத்தளங்களை முடக்கிய பிறகு, இது தாமதமாகவே வந்தது என்றும் சொல்லலாம். ஆனால் அந்தச் சோதனை கேட்பது கேமராவுக்குள் அந்நியன் நுழைய முடியுமா என்பதை. உங்கள் மென்பொருள் நுழைய முடியுமா என்பதை அல்ல. காப்பு கடுமையாகும்போது பழைய மென்பொருள் வாசலில் தடுக்கப்படுவதே எதிர்பார்க்கத் தக்கது. ஆகவே கேமராவையும் மென்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையின் அவசியம் இப்போது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

5. நீதிமன்றம் படத்தைக் கேட்கிறதா, பிரமாணத்தைக் கேட்கிறதா?

கேமராவை ஆதரித்துப் பேசுவோர் எல்லோரும் கடைசியில் சாட்சியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சாட்சியச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2014-ல் அன்வர் வழக்கிலும், 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், மூல சாதனத்தையே கொண்டுவந்து நிறுத்தினாலன்றி, மின்னணுப் பதிவின் நகலுக்கு உரிய சான்றிதழ் இன்றியமையாதது என்று நிலைநாட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழுக்கு ஒரு படிவமே வகுத்து, பதிவுக்குக் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எழுதச் சொல்கிறது. பதிவை வெளியே எடுக்கத் தெரியாத, எடுத்தாலும் தன் சொந்த பிளேயரில் மட்டுமே ஓடும் கோப்பாகத் தருகிற, அதிலும் கேமராவின் கடிகாரம் ஒரு நேரமும் மென்பொருளின் கடிகாரம் வேறொரு நேரமும் காட்டுகிற ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு, எந்தப் பொறுப்பாளர் எந்த மனச்சாட்சியோடு அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவார்? குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி, படத்தின் மூலையில் உள்ள நேரம் சரியா என்பதாகத்தான் இருக்கும்.

பதிவு வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஜனவரியில் தீர்ப்பான தொமாசோ புரூனோ வழக்கு சான்று. வாராணசி ஹோட்டல் ஒன்றில் இறந்த தம் தோழரைக் கொன்றதாகக் கீழ் நீதிமன்றங்களில் தண்டனை பெற்ற இரண்டு இத்தாலியர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஹோட்டலில் கேமரா இருந்தும் அதன் பதிவை அரசுத் தரப்பு முன்வைக்காதது அதற்குக் கூறப்பட்ட முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஆக, கேமரா மாட்டியவனுக்கு ஒரு புதுக் கடமை பிறக்கிறது. கேமராவே இல்லாத இடத்தில் பதிவு எங்கே என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

ஆர்.ஜி. கர் விவகாரத்திலேயே, 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நேரம் செலவானது எதில்? முழுப் பதிவும் சி.பி.ஐ.-யிடம் ஒப்படைக்கப்பட்டதா என்று கேட்கப்பட்டபோது, கிடைத்தவை நான்கு துண்டுகளாக 27 நிமிடம் என்று ஒரு தரப்பும், எல்லாம் கொடுத்தாயிற்று என்று மறு தரப்பும் வாதாடின. எது உண்மை என்று தீர்ப்பது என் வேலையன்று. எத்தனை கேமரா, எந்தக் கேமராவிலிருந்து எத்தனை மணி நேரம், எப்போது எடுத்து யாரிடம் கொடுக்கப்பட்டது என்று மென்பொருளே எழுதிவைக்கும் ஏட்டை நம்பகமாகப் பேணி வந்தால், இத்தகைய வாதம் ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்காது என்று மட்டும் சொல்லுகிறேன்.

6. ஏதோ ஒன்று இருப்பது நல்லது என்னும் ஏழை வாதம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது. ஆதலின் இதைக் கடைசியில் வைத்தேன். வலு அதன் தொனியில் இருக்கிறதேயன்றிப் பொருளில் இல்லை. பதிவு செய்யாத கேமரா ‘ஏதோ ஒன்று’ ஆகாது. இருக்கிறது என்று நம்பி அதற்குப் பதிலாக மற்றவற்றை விலக்கிக்கொள்ளச் செய்கிற ஒன்று. கேமரா வந்ததும் இரவுக் காவலாளி ஒருவர் குறைக்கப்படுகிறார். நடைகூடத்து விளக்குக்குத் தாமதம் சொல்லப்படுகிறது. இரவுப் பணிக்குப் போகும் பெண் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சற்றே தைரியம் கொள்கிறாள். அவளை நம்பவைத்துவிட்டுக் கைவிடுவது, நம்பவைக்காமல் இருப்பதைவிடக் கொடிது.

ஏழை வாதம் பேசுகிறவர்கள் உண்மையில் ஏழைகளும் அல்லர். பெண்களின் பாதுகாப்புக்கென்று உள்ள நிர்பயா நிதியிலிருந்து எட்டு நகரங்களுக்கு வகுத்த பாதுகாப்பான நகரத் திட்டத்தில் கொல்கத்தாவின் பங்கு 181.32 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் நேர்ந்த அந்தக் கொலைக்குப் பிறகு மேற்கு வங்க அரசு ‘ராத்திரேர் சாதி’ என்ற திட்டத்தை அறிவித்து, மருத்துவமனைகளின் பாதுகாப்புக்கென்று பணமும் ஒதுக்கியது. பணம் இருந்தது, அளவுகோல்தான் இல்லை. 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளில் எந்த வேலையும் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று அதிருப்தி தெரிவித்து, அக்டோபர் 15-க்குள் முடிக்கச் சொன்னபோது, நாடெங்கும் விவாதிக்கப்பட்டது மாட்டப்பட்ட கேமராக்களின் சதவீதம். முடிந்தது என்று எதைச் சொல்வது என்று அந்த அமளியில் கேட்டவர் இல்லை. சென்னையில் கேமரா மாட்டும் ‘மூன்றாவது கண்’ இயக்கம் நடந்தபோதும், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று உலகப் பட்டியல் ஒன்றில் முதலிடம் வந்ததைக் கொண்டாடினோமே, அவற்றுள் நேற்றைய இரவைத் திருப்பிக் காட்டக்கூடியவை எத்தனை என்று கணக்கெடுத்தோமா? எண்ணிக்கையை அளந்தால் எண்ணிக்கைதான் வளரும். யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 2023-ல் ஒரு மாணவன் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்த பிறகு கேமரா வேண்டுமா வேண்டாமா என்று எழுந்த சர்ச்சையில், அந்தரங்கத்தின் பெயரால் எதிர்த்தவர்களும் பாதுகாப்பின் பெயரால் ஆதரித்தவர்களும் ஒரு விஷயத்தில் உடன்பட்டிருந்தார்கள்: மாட்டினால் அது வேலை செய்யும் என்று இருவரும் நம்பினார்கள்.

2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கேமரா இயங்குவதற்கும் பதிவதற்கும் நிலைய அதிகாரியைப் பொறுப்பாளியாக்கி, பழுது நேர்ந்தால் மாவட்டக் குழுவுக்கு உடனே தெரிவிக்கச் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் காவலில் நேர்ந்த மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் கண்டு, போலீஸ் நிலையங்களில் இயங்கும் கேமராக்கள் இல்லாமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொள்ள நேர்ந்தது. பழுதைத் தெரிவி என்று கட்டளையிட்டால் போதாது. பழுதைத் தேடு என்று கட்டளையிட வேண்டும். தேடாதவன் கண்ணுக்குப் பழுது தெரியாது, தெரியாததை அவன் தெரிவிக்கவும் முடியாது.

அப்படியானால் யார் சோதிப்பது, நிபுணருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வாங்குமுன் செய்ய வேண்டியதற்கு ஒரு நிபுணர் ஒரு நாள் போதும்: வாங்கப்போகும் மாடலில் ஒரே ஒரு கேமராவை, ஓடப்போகும் மென்பொருளோடு, அதே ஃபர்ம்வேரில் சேர்த்து, படம், ஒலி, அசைவுச் செய்தி, பதிவு, திரும்ப எடுத்தல் ஆகிய ஐந்தையும் பார்த்து, மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு, மீதிக் கேமராக்களுக்கு ஆர்டர் கொடுப்பது. வாங்கிய பின் செய்ய வேண்டியதற்கு நிபுணரே வேண்டாம். அலுவலகக் குமாஸ்தா ஒருவர் மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி ஒரு கேமராவையும் போன மாதத்தில் ஒரு நாளையும் ஒரு மணியையும் எடுத்து, அந்தப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கேமரா இப்போது காட்டும் நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடலாம். பதிவு வராத மாதத்துக்குப் பராமரிப்புக் கூலி இல்லை என்றும், பில் தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறு மாத நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகே கொடுக்கப்படும் என்றும் டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால், ‘எல்லாம் ஓடும்’ என்று கடையில் சொல்லுகிற அதே வியாபாரி, எந்த மாடல் எந்த மென்பொருளோடு ஓடாது என்று தாமாகவே முன்வந்து சொல்லத் தொடங்குவார்.